மௌனத்திற்கு மதிப்பெண் உண்டா?

நூலையும் நாடகத்தையும் திறனாய்வு செய்வதே இத்தகைய பக்கங்களின் வழக்கம். இம்முறை நான் எடுத்துக்கொண்டிருப்பது நூலும் அன்று, நாடகமும் அன்று. கைப்பேசிக்குள் குடியிருக்கும் ஓர் ஆசிரியரைப் பற்றி எழுத முற்படுகிறேன். பியானோ வாசிக்கக் கற்றுத்தரும் செயலிகளையே குறிப்பிடுகிறேன். பின்லாந்து நாட்டில் தோன்றிய யூசிஷியன், இஸ்ரயேலில் தோன்றிய சிம்ப்ளி பியானோ, ஜெர்மனியில் தோன்றிய ஃபுளோகீ என இவற்றுள் பல உண்டு. இவ்வகைச் செயலி ஒன்றிடம் நான்கு மாதங்கள் மாணவனாக இருந்தேன். அது எது என்று சொல்லப் போவதில்லை. நான் எடைபோட விழைவது ஒரு நிறுவனத்தை அன்று. ஒரு கற்பித்தல் முறையை.

ஐம்பதைக் கடந்த பங்குத்தந்தைக்குப் பியானோ எதற்கு என்று வாசகர்கள் வினவலாம். காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பங்கின் உபதேசியார் ஈராண்டுகளுக்கு முன் இறைவனில் துயில்கொண்டார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆலயத்தில் ஆர்மோனியமும், பின்னர் கீபோர்டும் வாசித்தவர் அவர். அவர் மறைந்தபின் அக்கருவி திருப்பண்ட அறையின் அலமாரிக்குள் சென்றது. பாடகர் குழுவினர் பின்னணி இசையைப் பென் டிரைவில் கொண்டுவந்து, ஒலிபெருக்கியில் ஓடவிட்டு, அதனோடு சேர்ந்து பாடலாயினர். இசை பிசிறின்றி ஒலித்தது. ஆனால் பின்வரிசைகளில் இருந்த மக்கள் சிறிது சிறிதாகப் பாடுவதை நிறுத்திக்கொண்டனர். அதை நான் உடனே உணரவில்லை. பீடத்தில் நிற்பவன் ஒலிபெருக்கியின் ஓசையை மக்களின் குரல் என்று எண்ணி ஏமாறுவது எளிது.

இந்நிலையில் ஒரு ஞாயிறன்று பத்தாம் வகுப்புப் படிக்கும் சிறுமி ஒருத்தி என்னிடம் வந்தாள். "சாமி, நான் கீபோர்டு வாசிக்கட்டுமா?" என்றாள்.

"யாருகிட்டம்மா கத்துக்கிட்ட?"

"போன்லதான் சாமி."

வளைகுடா நாட்டில் வேலை செய்யும் அவளுடைய தாய்மாமன் வாங்கி வந்த சிறிய கீபோர்டும், வீட்டிலுள்ள ஒரே கைப்பேசியும்தாம் அவளுடைய இசைப்பள்ளி. மறுப்புச் சொல் என் நாவின் நுனிவரை வந்துவிட்டது. ஆயினும், ஆசிரியரை அறியாமல் மாணவியை எடைபோடுவது முறையன்று எனத் தோன்றியது. அன்று மாலையே அலமாரியைத் திறந்தேன். உபதேசியாரின் கீபோர்டைத் தூசி தட்டி வைத்து, கைப்பேசியை அதன் தாங்கியில் சாய்த்து, முதற்பாடத்தைத் தொடங்கினேன்.

பொறுமைமிக்க ஆசிரியர்

செயலியின் நிறைகளை முதலில் சொல்வதே நேர்மை. அது கற்பிக்கும் முறை எளியது. திரையில் ஐந்து கோடுகளின்மீது இசைக்குறிகள் வலமிருந்து இடமாக நகர்ந்து வருகின்றன. உரிய கட்டையை நாம் அழுத்தும்போது கைப்பேசியின் ஒலிவாங்கி அவ்வொலியைக் கேட்டு, அதன் அதிர்வெண்ணைக் கொண்டு இன்ன சுரம் என அறிகிறது. சரி என்றால் குறி நிறம் மாறுகிறது. தவறு என்றால், தொடக்கப் பாடங்களில், நாம் திருத்திக்கொள்ளும்வரை இசை நின்று காத்திருக்கிறது. பாடத்தின் முடிவில் விண்மீன்கள் வழங்கப்படுகின்றன.

அதன் பொறுமைக்கு எல்லையே இல்லை. ஒரே வரியை நாற்பது முறை தவறாக வாசித்தேன், முகம் சுளிக்கவில்லை. வயது முதிர்ந்தவன் பிறர்முன் தடுமாற அஞ்சுவான். அவ்வச்சம் இங்கே இல்லை. குருமடத்தில் காதால் கேட்டுப் பாடக் கற்றேனே அன்றி, மேலை இசைக்குறிகளைப் படிக்க நான் கற்றதில்லை. மூன்று வாரங்களில் வலக்கைக்குரிய குறிகளைத் தயக்கமின்றிப் படிக்கும் நிலையை எட்டினேன்.

இதைவிடப் பெரிய நிறை ஒன்று உண்டு. எங்கள் ஊரிலிருந்து பியானோ கற்பிக்கும் ஆசிரியரைத் தேடிச் செல்ல வேண்டுமெனில் மாவட்டத் தலைநகருக்குப் பேருந்தில் போக வேண்டும். பயிற்சிக் கட்டணமும் பயணச் செலவும் பீடி சுற்றும் தாயின் வருமானத்துக்கு எட்டாதவை. பல தலைமுறைகளாக வசதி படைத்தோரின் கூடத்தில் வீற்றிருந்த ஒரு கலையை இச்செயலி எளியவரின் திண்ணைக்குக் கொண்டுவந்திருக்கிறது. இலவசப் பாடங்கள் சிலவற்றோடு முடிந்து, பின்னர் சந்தா கேட்கிறது என்பது உண்மையே. எனினும் அச்சிலவற்றைக் கொண்டே இச்சிறுமி ஒரு கதவைத் திறந்துவிட்டாள். இதை இகழ்வோர் ஏழைப் பிள்ளையின் தாகத்தை அறியாதவர்.

அதன் செவிக்கு எட்டாதவை

இனிக் குறைகளுக்கு வருகிறேன். ஒருநாள் செயலியைச் சோதிக்க எண்ணி, ஐந்து விரல்களால் வாசிக்க வேண்டிய ஒரு வரியைச் சுட்டுவிரல் ஒன்றினாலேயே தட்டித் தட்டி வாசித்தேன். முழு விண்மீன்களும் கிடைத்தன. எந்தக் கட்டை ஒலித்தது என்பதை அது அறியும். எந்த விரல் ஒலிக்கச் செய்தது என்பதை அறியாது. பெருவிரலை மற்ற விரல்களுக்கு அடியில் கொண்டுசெல்லும் பழக்கம் தொடக்கத்திலேயே கைவராவிடில், சற்றே விரைவான எந்தப் பாடலும் பின்னர் தடுக்கி விழும். மணிக்கட்டு இறுகியிருப்பதையும் தோள் உயர்ந்திருப்பதையும் ஒலிவாங்கி எவ்வாறு காணும்? மற்றொரு நாள் மூவேளைச் செபத்திற்கான கோயில் மணி ஒலித்தபோது, அதையும் ஒரு சுரமாக எண்ணி என் கணக்கில் வரவு வைத்துக்கொண்டது!

கருவிகளைக் கொண்டு பியானோ கற்பிக்கும் முயற்சி புதியதன்று. 1814ஆம் ஆண்டு யோகான் பெர்னார்டு லோகியர் என்பார் 'கைரோபிளாஸ்ட்' என்னும் சாதனத்துக்குக் காப்புரிமை பெற்றார். மாணவரின் மணிக்கட்டையும் விரல்களையும் உரிய நிலையில் நிறுத்தும் சட்டம் அது. அதைப் பூட்டிப் பல மாணவரை ஒரே நேரத்தில் பயிற்றுவித்தார். அன்றைய சாதனம் கையைப் பிடித்தது; ஒலியைக் கேட்கவில்லை. இன்றைய சாதனம் ஒலியைக் கேட்கிறது, கையைப் பிடிக்கவில்லை. இரண்டையும் செய்பவர் அருகில் அமர்ந்திருக்கும் ஆசான் ஒருவரே.

இரண்டாவது குறை இன்னும் நுண்ணியது. 1700ஆம் ஆண்டளவில் இத்தாலி நாட்டு ஃபுளோரன்ஸ் நகரில் பார்த்தொலோமேயோ கிறிஸ்தோஃபோரி இக்கருவியை உருவாக்கினார். அதற்குமுன் இருந்த ஆர்ப்சிகார்டில், கட்டையை மெல்ல அழுத்தினாலும் வலிந்து அழுத்தினாலும் ஒலியின் அளவில் பெரிய வேறுபாடு இராது. தந்தியைச் சிறு சுத்தியலால் தட்டும் அமைப்பைக் கொண்டுவந்து, விரலின் கனத்துக்கேற்ப ஒலி மெலியவும் ஓங்கவும் வழிசெய்தார் அவர். மென்மை, வன்மை எனப் பொருள்படும் 'பியானோ', 'ஃபோர்த்தே' என்னும் இத்தாலியச் சொற்களிலிருந்தே கருவிக்குப் பெயர் வந்தது. நான் பயன்படுத்திய செயலியோ மென்மைக்கும் வன்மைக்கும் மதிப்பெண் தரவில்லை. எந்தச் சிறப்பினால் கருவி தன் பெயரைப் பெற்றதோ, அச்சிறப்பு கணக்கில் வரவே இல்லை.

மூன்றாவது குறையே என் நெஞ்சைத் தொட்டது. மேலை இசைக்குறியீட்டில் ஒலிக்கு அடையாளம் இருப்பது போலவே ஒலியாமைக்கும் அடையாளம் உண்டு. 'ரெஸ்ட்' எனப்படும் ஓய்வுக்குறி அது. அவ்விடத்தில் விரலை எடுத்துவிட வேண்டும். மௌனமும் இசையின் ஓர் உறுப்பாக எண்ணப்பட வேண்டும். நானோ ஓய்வுக்குறி வந்த இடங்களில் எல்லாம் விரலை எடுக்காமல் அழுத்தியபடியே வாசித்துப் பார்த்தேன். ஒரு விண்மீன்கூடக் குறையவில்லை. கட்டையை எப்போது தொட்டேன் என்பதே அதற்குக் கணக்கு. எப்போது விட்டேன் என்பது கணக்கில்லை. அதனிடம் மௌனத்திற்கு மதிப்பெண் இல்லை!

பாராட்டும் தொடர்நாள் கணக்கும்

சிறு வெற்றிக்கும் செயலி பெரிதாகப் பாராட்டுகிறது. தொடர்ந்து எத்தனை நாள் பயின்றோம் என எண்ணிக் காட்டுகிறது. ஒருநாள் தவறினால் கணக்கு மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கும். ஓர் இரவு, நோயுற்றோர் ஒருவரைச் சந்தித்துவிட்டுப் பதினொன்றரை மணிக்குத் திரும்பிய நான், கணக்கு அறுந்துவிடக் கூடாதே என்பதற்காக இரண்டு நிமிடம் ஏதோ கட்டைகளைத் தட்டினேன். 'வாழ்த்துகள்' என்றது திரை.

அந்த வாழ்த்து என்னை வெட்கமுறச் செய்தது. திருப்புகழ்மாலையையும் இவ்வாறே முடித்த இரவுகள் என் வாழ்வில் இல்லையா? சொல்ல வேண்டிய திருப்பாடல்களைச் சொல்லிமுடித்து, ஏட்டை மூடி, கடமை தீர்ந்தது என உறங்கச் சென்ற இரவுகள்? எண்ணிக்கை பழக்கத்தைத் தாங்கும் கொம்புதான். ஆனால் கொம்பே கொடியாகிவிடாது. இவ்வகையில் செயலி என்னைப் பற்றிய ஓர் உண்மையை எனக்குக் கற்பித்தது என்றே சொல்வேன். அதற்கு நன்றி.

பயிற்சி மாலை

நான்காம் மாத இறுதியில் அச்சிறுமியைப் பாடகர் குழுவின் பயிற்சிக்கு வரச் சொன்னேன். செயலியில் தமிழ்த் திருவழிபாட்டுப் பாடல் எதுவும் இல்லை. ஆயினும், அது தந்த அடிப்படையைக் கொண்டு, காதால் கேட்டே ஒரு வருகைப் பாடலை அவள் கண்டுபிடித்து வைத்திருந்தாள். அத்திறமை கண்டு வியந்தேன். வாசித்தாள், ஒரு சுரமும் பிசகவில்லை.

பாடத் தொடங்கியதும் இடர் தோன்றியது. ஒவ்வோர் அடியின் முடிவிலும் மக்கள் மூச்செடுக்க வேண்டும். அவளோ அடுத்த அடிக்குப் போய்விட்டாள். முன்வரிசை இளைஞர் ஓடிப் பிடித்தனர். வயது முதிர்ந்த பெண்கள் அரை அடி பின்தங்கினர். இரண்டாம் சரணத்தில் பாடுவதையே நிறுத்தினர். இசை தனியே சென்றது, மக்கள் தனியே நின்றனர்.

முடிந்ததும் அவள் என்னைப் பார்த்தாள். "நான் சரியாத்தானே வாசிச்சேன், சாமி?" என்றாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன.

அவள் வாசித்தது சரியே. அவளுடைய ஆசிரியர் கற்பித்தபடி முற்றிலும் சரியே. செயலிக்கு இரண்டு வழக்கங்கள்தாம் உண்டு: ஒன்று, தொடக்கநிலை மாணவனுக்காக எல்லையின்றிக் காத்திருக்கும், இன்றேல், யாருக்காகவும் காத்திராமல் தன் தாளத்தில் ஓடும். முதலாவதில் மாணவன் அரசன். இரண்டாவதில் கடிகாரம் அரசன். பிறருடைய மூச்சுக்காகக் காத்திருப்பது என்னும் மூன்றாவது நிலையை அது அறியாது. ஆலயத்தில் வாசிப்பவருக்கு வேண்டியதோ அந்த மூன்றாவது நிலையே.

திருச்சபை எதற்கு அஞ்சியது?

அன்றிரவு பழைய ஏடுகளைப் புரட்டினேன். 1903ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள், இசைக்கலைஞரின் பாதுகாவலியான புனித செசிலியாவின் திருநாளன்று, திருத்தந்தை புனித பத்தாம் பயஸ் வெளியிட்ட இசை பற்றிய ஆணை, ஆலயத்தில் பியானோவைப் பயன்படுத்தலாகாது எனத் தடுத்தது! கேளிக்கைக் கூடங்களின் வாடை அதில் ஒட்டியிருக்கிறது என்பதே அன்றைய அச்சம். 1963ஆம் ஆண்டு இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கத்தின் திருவழிபாடு பற்றிய கொள்கைத்திரட்டு, குழல் ஆர்கனுக்கு உயர்ந்த இடம் தந்து, வழிபாட்டிற்குத் தகுதியான பிற கருவிகளுக்கும் உரிய அதிகாரியின் இசைவோடு கதவைத் திறந்தது. ஆகவே, புதிய கருவி ஒன்றைக் கண்டவுடன் முகம் திருப்பும் பங்குத்தந்தை சற்று அடக்கத்தோடு இருப்பது நன்று.

ஆனால் இவ்விரண்டிற்கும் இடையே, 1958ஆம் ஆண்டு செப்டம்பரில், வழிபாட்டுச் சடங்குகளுக்கான பேராயம் வெளியிட்ட அறிவுரை வேறொன்றைச் சொன்னது. தானியங்கி ஆர்கன், இசைத்தட்டு, வானொலி, ஒலிப்பதிவுக் கருவி ஆகியவற்றை வழிபாட்டில் பயன்படுத்துவதை அது விலக்கியது. இத்தடை ஓசையின் தரம் பற்றியதன்று என்பது நோக்கத்தக்கது. இசைத்தட்டின் இசை ஊர்ப் பாடகரின் இசையைவிடச் சிறந்ததாகவே இருக்கலாம். எனினும் அங்கே காணிக்கை தருபவர் இல்லை. அவ்வேளையில், அவ்விடத்தில், அம்மக்களோடு மூச்சுவிடும் மனிதர் இல்லை. 1967ஆம் ஆண்டின் திரு இசை பற்றிய அறிவுரையோ, ஆர்கன் வாசிப்பவர் கருவியில் தேர்ந்திருப்பதோடு வழிபாட்டின் உணர்வுக்குள்ளும் நுழைந்திருக்க வேண்டும் என எதிர்பார்த்தது. இவற்றைப் படித்தபோது என் பென் டிரைவ் என்னைக் குற்றஞ்சாட்டியது. கைப்பேசியில் கற்ற சிறுமியைப் பற்றி ஐயுற்ற நான், ஆளே இல்லாத இசையை ஈராண்டுகள் ஓடவிட்டிருந்தேன்!

உள்ளிருக்கும் ஆசான், அருகிருக்கும் ஆசான்

புனித அகுஸ்தீனார் 389ஆம் ஆண்டளவில் 'ஆசிரியர்' என்னும் உரையாடலை இயற்றினார். வெளியிலிருந்து வரும் சொற்கள் அடையாளங்களே. அவை சுட்டிக்காட்டுமேயன்றிக் கற்பிப்பதில்லை. உள்ளத்தில் உறையும் கிறிஸ்துவே உண்மையான ஆசான் என்பது அவர் கண்ட முடிவு. அவ்வாறெனில், செயலியும் ஓர் அடையாளம், மனித ஆசிரியரும் ஓர் அடையாளம். இரண்டிற்கும் வேறுபாடு என்ன என்று ஒருவர் கேட்கலாம். ஆனால் அவ்வுரையாடலில் அகுஸ்தீனாரோடு பேசுபவன் அவருடைய மகன் அதேயோதாத்துஸ் என்பதை மறத்தலாகாது. சில காலத்துக்குள் இளவயதிலேயே இறந்துபோன மகன். உள்ளிருக்கும் ஆசானைப் பற்றிய அவ்வுண்மையைக்கூட, ஒருவர் வினவ மற்றவர் தயங்கி விடைசொல்லும் உரையாடலாகவே அவர் நமக்குத் தந்திருக்கிறார்.

இதே வினாவைப் பின்னர் ஆராய்ந்த புனித தோமா அக்குவினார், ஆசிரியரை மருத்துவருக்கு ஒப்பிட்டார். நலமாக்குவது உடலின் இயற்கையே. மருத்துவர் அதற்குத் துணைநிற்கிறார். இவ்வுவமையைச் சற்று நீட்டிப் பார்க்கிறேன். மருத்துவர் காய்ச்சலை மட்டும் அளப்பதில்லை. அது எதனால் வந்தது என ஆராய்கிறார். செயலி வெப்பமானியைப் போன்றது. தவறு நேர்ந்ததைத் துல்லியமாகச் சொல்லும். ஏன் நேர்ந்தது எனக் கேட்காது. எல்லார்க்கும் அது தரும் மருந்து ஒன்றே: மீண்டும் வாசி.

அச்சிறுமிக்கு உரிய மருந்தைத் தந்தவர் நான் அல்லேன். அடுத்த வாரப் பயிற்சியில், பின்தங்கிப் பாடிய பெண்களுள் ஒருவர் எழுந்து அவள் அருகில் சென்று அமர்ந்தார். கணவரை இழந்தவர், இசைக்குறி எதுவும் அறியாதவர், உபதேசியாரின் காலந்தொட்டுப் பாடிவருபவர். "பாப்பா, நீயும் கூடப் பாடிக்கிட்டே வாசி. ஒனக்கு மூச்சு முட்டுற எடத்துலதான் எங்களுக்கும் முட்டும்" என்றார்.

சிறுமி பாடிக்கொண்டே வாசித்தாள். முதல் அடி முடிந்ததும் அவளே மூச்செடுத்தாள். விரல்கள் எழுந்தன. ஒரு கணம் மௌனம். பிறகு கோயில் முழுவதும் ஒன்றாக அடுத்த அடிக்குள் நுழைந்தது. 1723ஆம் ஆண்டு யோகான் செபாஸ்தியான் பாக், இரு குரலிலும் முக்குரலிலும் அமைந்த தம் பயிற்சிப் பாடங்களின் முன்னுரையில், பாடுவது போன்ற வாசிப்பு முறையைப் பெறுவதையே தலையாய நோக்கங்களுள் ஒன்றாகக் கூறினார். அப்பெருமேதையின் பெயரை ஒருபோதும் கேட்டிராத மூதாட்டி அதே பாடத்தை ஒரே தொடரில் சொல்லிவிட்டார்.

முடிவாகச் சில

இச்செயலி ஆசிரியரா? என் தீர்ப்பு இது: அது நல்ல பாடநூல், ஆசிரியர் அன்று. மறைக்கல்வி நூலின் வினா விடைகளை மனப்பாடம் செய்த பிள்ளைக்கு நம்பிக்கையின் சொற்கள் கிடைத்துவிட்டன. ஆனால் செபிப்பது எப்படி என்பதைத் தன் பாட்டியின் அருகில் முழந்தாளிட்டே அது கற்கிறது. நூலைப் பழிக்கவும் வேண்டாம். பாட்டியை வீட்டுக்கு அனுப்பவும் வேண்டாம்.

எனவே பங்குப் பேரவைகளுக்கு ஒரு வேண்டுகோள். உடைந்துவிடும் என்றஞ்சி அலமாரியில் பூட்டி வைத்திருக்கும் கீபோர்டை வெளியே எடுங்கள். கைப்பேசியில் கற்கும் பிள்ளைகள் நம் ஊர்களில் இருக்கின்றனர், அவர்களைத் தேடுங்கள். திருவிழா ஒலி ஒளிச் செலவில் ஒரு பகுதியைக் குறைத்து, மாதத்திற்கு இருமுறையேனும் இசை ஆசிரியர் ஒருவரை வரவழையுங்கள்; அவர்தம் பயணச் செலவைப் பங்கு ஏற்கட்டும். அவர் வராத நாள்களில் செயலி பயிற்சி தரட்டும். பாடத் தெரிந்த முதியோர் அருகில் அமர்ந்து, எங்கே மூச்செடுக்க வேண்டும் என்று சொல்லித் தரட்டும்.

எங்கள் ஆலயத்தில் பென் டிரைவ் ஓய்வுபெற்றுவிட்டது. சிறுமி இப்போதும் அவ்வப்போது தவறான கட்டையைத் தொடுகிறாள். மக்கள் அதைப் பொருட்படுத்துவதில்லை, அவர்கள் பாடிக்கொண்டிருக்கிறார்கள். கடந்த ஞாயிறு நற்கருணைப் பாடல் முடிந்தபின் அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு அமைதியாக அமர்ந்திருந்தாள். அந்த அமைதியை நிரப்ப எவரும் விரையவில்லை. அந்த மௌனத்திற்கு எந்தச் செயலியும் விண்மீன் தரப்போவதில்லை. ஆனால் உள்ளத்தில் உறையும் ஆசான் அதைக் கேட்டிருப்பார் என்றே நம்புகிறேன்.